‘அரசு தலையிடக் கூடாது’ என்றால் எதில், எதுவரை? லிபர்டேரியன் மாநில வேட்பாளரின் சமூகக் கொள்கையைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் நவம்பர் தேர்தலுக்கு முன் வரும் மாதிரி வாக்குச்சீட்டில், மாநிலச் சட்டமன்ற இடத்துக்கு டெமாக்ரட், ரிபப்ளிகன் பெயர்களோடு சில தொகுதிகளில் ஒரு லிபர்டேரியன் பெயரும் இருக்கும். தனிமனித சுதந்திரம் அதிகமாகவும் அரசு சிறியதாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் இவர்கள். அவருடைய இணையதளத்துக்குப் போனால் கருக்கலைப்பு, கஞ்சா, திருமணம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான்: ‘அரசு தலையிடக் கூடாது’.

இந்தப் பதிலை மட்டும் நம்பி ஓட்டுப் போட முடியாது. அதற்குள் மூன்று தனித்தனி நிலைப்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, அரசு தண்டிக்கக் கூடாது. இரண்டு, அரசு பணம் தரக் கூடாது. மூன்று, தனியார் ஒருவரை ஒருவர் ஒதுக்கினால் அரசு நடுவில் வரக் கூடாது. முதலாவதைக் கேட்டுக் கைதட்டுகிறவர் மூன்றாவதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். எந்த விஷயத்தில் இந்த மூன்றில் எதை வேட்பாளர் சொல்கிறார் என்று பிரித்தெடுக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதும் ஒரு மின்னஞ்சலும் போதும்.

கட்சியா, அடைமொழியா?

லிபர்டேரியன் கட்சி 1971 டிசம்பரில் கொலராடோவில் தொடங்கியது. அந்தக் கட்சியின் வேட்பாளர் வேறு, லிபர்டேரியன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கட்சியில் நிற்பவர் வேறு. நியூ ஹாம்ப்ஷயரில் இந்தக் குழப்பம் அதிகம். சிறிய அரசை விரும்புவோர் ஒரே மாநிலத்தில் குடியேற வேண்டும் என்று கிளம்பிய ‘ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜெக்ட்’ 2003-இல் அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தது. அப்படி வந்தவர்களில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர்கள் பெரும்பாலும் ரிபப்ளிகன் பெயரிலேயே நுழைந்தார்கள். நெப்ராஸ்காவில் சிக்கல் வேறு விதம்: ஒரே அவை, 49 இடங்கள், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் முதற்கட்டத் தேர்தலில் முதலிரண்டு இடம் பிடித்தவர்களே நவம்பருக்குப் போவார்கள். அதனால் அங்கே இந்த வேலையை முதற்கட்டத்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

அடுத்து, இணையதளத்தில் இருப்பது வேட்பாளரின் சொந்தக் கருத்தா, கட்சியின் தேசியக் கொள்கை அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியதா என்று பாருங்கள். சந்தேகமான வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். வார்த்தைக்கு வார்த்தை அறிக்கையிலேயே இருந்தால், அந்த விஷயத்தில் வேட்பாளர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பில் இது மிக முக்கியம். கருக்கலைப்பிலிருந்து அரசு விலகி நிற்க வேண்டும், முடிவு அவரவர் மனசாட்சிக்கே உரியது என்ற பிரிவு கட்சி அறிக்கையில் நீண்ட காலம் இருந்தது. 2022 மே மாதம் ரீனோ மாநாட்டில், கட்சிக்குள் இருந்த கடும்போக்கு அணியான மீசஸ் அணி தலைமையைக் கைப்பற்றியபோது, அது நீக்கப்பட்டது. இன்றும் ஒரு வேட்பாளரின் பக்கத்தில் அந்த வாசகம் இருந்தால், தெரிந்தே வைத்திருக்கிறாரா, பழைய பக்கத்தை மாற்றாமல் விட்டுவிட்டாரா என்று கேட்டுத்தான் அறிய முடியும்.

மாநிலத்தால் ஆகாததைக் கழியுங்கள்

விசா, குடியேற்றம், மத்திய ரிசர்வ் வங்கி, வெளிநாட்டுப் போர்கள் இவையெல்லாம் மாநில உறுப்பினரின் கைக்கு எட்டாதவை. பக்கத்தில் பாதி இடத்தை இவை அடைத்திருந்தால், அவர் வாஷிங்டனுக்குப் போகிற நினைப்பில் மாநிலத் தேர்தலில் நிற்கிறார் என்று பொருள். அந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

மீதி இருப்பதுதான் சரக்கு, அது குறைவும் இல்லை. கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24-ஆம் தேதி சொன்ன டாப்ஸ் தீர்ப்புக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டம் மாநிலங்களின் கையில். 2018-இல் உச்ச நீதிமன்றம் மத்தியத் தடையை நீக்கியதிலிருந்து விளையாட்டுப் பந்தயச் சூதாட்டமும் அப்படியே. மாநில வழக்குகளில் மரண தண்டனை, பள்ளித் தடுப்பூசி விலக்கு, தொழில் உரிமம், வீட்டுப் பள்ளி விதிகள், மெடிக்கெய்டை (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்குவது எல்லாம் மாநிலச் சட்டமன்றத்தில் முடிவாகிறவை. ஒருபாலினத் திருமணம் உச்ச நீதிமன்றத்தின் 2015 ஓபர்கெஃபெல் தீர்ப்பால் நாடு முழுவதும் செல்லும். மாநில உறுப்பினரால் மாற்ற முடிவது உரிமம் கொடுக்கும் நடைமுறையை மட்டுமே.

விஷயம் விஷயமாக

கருக்கலைப்பில் லிபர்டேரியன்கள் ஒரே கொள்கையிலிருந்து புறப்பட்டு எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள். பிறர் மீது வன்முறையைத் தொடங்கக் கூடாது என்பது இரு தரப்பாருக்கும் பொதுவான அடிப்படை. கருவும் ‘பிறர்’ என்று கொள்பவர் தடையை ஆதரிப்பார். உடல் பெண்ணுடையது என்று தொடங்குபவர் தடையை எதிர்ப்பார். ஆகவே ‘நான் சுதந்திரத்தின் பக்கம்’ என்ற பதிலில் தகவல் எதுவும் இல்லை. உங்கள் மாநிலச் சட்டம் எத்தனை வாரம் வரை அனுமதிக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: கூட்டுவீர்களா, குறைப்பீர்களா, சட்டத்தையே நீக்குவீர்களா? பொதுப்பணம் பற்றித் தனியாகக் கேளுங்கள். தடையை எதிர்க்கிற லிபர்டேரியன்கூட மெடிக்கெய்டு பணத்தைக் கருக்கலைப்புக்குத் தரலாமா என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்பார். தண்டிப்பதும் பணம் தருவதும் வேறு வேறு என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

கஞ்சாவில் ‘ஆதரிக்கிறீர்களா’ என்ற கேள்வி வீண். எல்லோரும் ஆம் என்பார்கள். அரைகுறை மசோதா வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். ஒஹாயோவில் 2015-இல் வந்த ‘இஷ்யூ 3’ என்ற மக்கள் வாக்கெடுப்பு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும், ஆனால் வணிக சாகுபடி 10 இடங்களுக்கு மட்டும் என்றது. மக்கள் நிராகரித்தார்கள். 2023-இல் வேறு வடிவில் வந்தபோது ஏற்றார்கள். தடையை நீக்கும், கூடவே ஏகபோகத்தையும் வரியையும் கொண்டுவரும் மசோதாவுக்கு உங்கள் வேட்பாளரின் வாக்கு என்ன? மற்ற போதைப்பொருள்களுக்கு ஒரேகனைச் சுட்டிக் கேட்கலாம். அங்கே 2020-இல் ‘மெஷர் 110’ என்ற மக்கள் வாக்கெடுப்பு சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. சட்டமன்றம் 2024 செப்டம்பர் முதல் அதை மறுபடி குற்றமாக்கியது. ஏன் திரும்பியது, நீங்கள் எதை மாற்றிச் செய்வீர்கள் என்பதற்கு ஒருவரிடம் பதில் இருந்தால், விஷயத்தைப் படித்தவர் என்று நம்பலாம். (இடையே ஒரு எச்சரிக்கை: மாநிலம் என்ன சொன்னாலும் மத்தியச் சட்டத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள்தான். கிரீன் கார்டில் இருக்கும் உறவினர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது சிக்கலாகும்.)

‘திருமணத்திலிருந்து அரசு வெளியேற வேண்டும்’ என்பவரிடம் அலபாமா மாதிரியா என்று கேளுங்கள். 2019-இல் அந்த மாநிலம் திருமண உரிமம் வழங்குவதையே நிறுத்தியது. தம்பதி ஒரு படிவத்தை நிரப்பி, நோட்டரி முன் கையெழுத்திட்டுப் பதிவு செய்தால் போதும், சடங்கும் கட்டாயமில்லை. இப்படிப் பதிவாக மாற்றுவது ஒன்று, பதிவையே ஒழிப்பது இன்னொன்று. இரண்டாவதென்றால் வாரிசுரிமை, மருத்துவமனை முடிவுகள், வரி எல்லாம் எதை வைத்து நடக்கும் என்பதற்கும் அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

தொழில் உரிமம் பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டுகிற தலைப்பு. என் பார்வையில் மாநில லிபர்டேரியனால் உண்மையில் ஏதாவது செய்ய முடிகிற இடம் இதுதான். நூல் வைத்துப் புருவம் திருத்துகிறவர் டெக்சஸில் ஒரு காலத்தில் 750 மணி நேரம் அழகுக்கலைப் பயிற்சி முடித்து உரிமம் வாங்க வேண்டும் என்றிருந்தது. அந்தப் பயிற்சியின் பெரும்பகுதிக்கும் நூலுக்கும் சம்பந்தம் இல்லை. படேல் வழக்கில் 2015-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. நெப்ராஸ்காவில் லாரா எப்கி 2016-இல், உறுப்பினராக இருக்கும்போதே ரிபப்ளிகன் கட்சியிலிருந்து லிபர்டேரியனுக்கு மாறினார். 2018-இல் உரிம விதிகளை வரிசையாக மறுபரிசீலனை செய்ய வைக்கும் சட்டத்தை நிறைவேற்றினார், அதே ஆண்டு தேர்தலில் தோற்றார். எனவே வேட்பாளரிடம் ‘உரிமங்களைக் குறைப்பேன்’ என்பதோடு விடாதீர்கள். எந்தத் தொழில், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். செவிலியருக்கும் மின்பணியாளருக்கும் இதே விதியா என்றும் கேளுங்கள்.

பாகுபாட்டுத் தடைச் சட்டம்தான் கூச்சமில்லாமல் கேட்க வேண்டியது, வேட்பாளர்கள் மழுப்புவதும் இங்கேதான். அரசு யாரையும் வேறுபடுத்தக் கூடாது என்பதில் லிபர்டேரியன்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தனியார் கடை, வாடகை வீடு, நிறுவனம் என்று வரும்போது பிளவு தொடங்கும். 2016-இல் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற கேரி ஜான்சனே, பேக்கரிக்காரர் மதக் காரணம் சொல்லி வாடிக்கையாளரை மறுக்கக் கூடாது என்று பேசி, கட்சிக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். கலிஃபோர்னியாவில் சாதியைப் பாகுபாட்டுச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கும் எஸ்.பி. 403 மசோதா 2023-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஏற்கெனவே உள்ள சட்டமே போதும் என்று ஆளுநரால் மறுக்கப்பட்டது. நம்மவர்களுக்கு இது நேரடிக் கேள்வி. இதே மசோதா இங்கே வந்தால் எதிர்ப்பீர்களா? எதிர்த்தால், சாதி என்பதற்காக மட்டுமா, தனியாருக்கான பாகுபாட்டுத் தடை எதுவுமே கூடாது என்பதற்காகவா? இரண்டாவது காரணம் சாதியோடு நிற்காது, இனம், மதம் வரை போகும்.

பள்ளிக் கல்வியில் வவுச்சரை, அதாவது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தருவதை, ஆதரிப்பார் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். அரிசோனா 2022-இல் எல்லா மாணவருக்கும் திறந்துவிட்ட கல்விக் கணக்கை (பெற்றோர் பள்ளிச் செலவுக்கு எடுத்துக்கொள்ள அரசு பணம் போடும் கணக்கு) ஒரு சாரார் கொண்டாடுவார்கள். அரசுப் பணம் போகிற இடத்துக்கு அரசு விதியும் போகும் என்று இன்னொரு சாரார் அதையே எதிர்ப்பார்கள்.

மரண தண்டனையைக் கட்சி அறிக்கையே எதிர்க்கிறது, வேட்பாளரும் எதிர்க்கிறாரா என்று சரிபார்த்தால் போதும். சொத்துப் பறிமுதலில், குற்றத் தீர்ப்பு இல்லாமல் காவல்துறை பணத்தையும் காரையும் எடுத்துக்கொள்வதை நியூ மெக்சிகோ 2015-இல் ஒழித்ததைக் காட்டி, அதே சட்டம் இங்கே வேண்டுமா என்று கேளுங்கள். துப்பாக்கியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், கட்டுப்பாடு கூடாது என்பதே ஏறக்குறைய எப்போதும் பதில்.

மின்னஞ்சல்

பாலட்பீடியாவின் வேட்பாளர் கேள்வித்தாளையும், மகளிர் வாக்காளர் கழகத்தின் வோட்411 தளத்தையும் முதலில் பாருங்கள். மாநில வேட்பாளர்களில் பலர் இவற்றை நிரப்புவதில்லை. நிரப்பியிருந்தால் அங்கே பதில் கிடைத்த கேள்வியை மறுபடி கேட்காதீர்கள். பிறகு எழுதுங்கள், நீட்டாமல்:

‘வணக்கம். நான் உங்கள் தொகுதி வாக்காளர். மூன்று கேள்விகள். முதல் கூட்டத்தொடரில் மாநிலச் சட்டத்தில் எந்தப் பிரிவை நீக்க மசோதா கொண்டுவருவீர்கள்? முழுமையாக நீக்க வாக்குகள் இல்லாமல், பாதியளவு தளர்த்தும் மசோதா மட்டும் வந்தால் ஆதரிப்பீர்களா? பாகுபாட்டுத் தடைச் சட்டம் தனியார் வணிகங்களுக்குப் பொருந்த வேண்டுமா?’

இரண்டாவது கேள்விதான் அதிகம் வெளிக்கொண்டுவரும். லிபர்டேரியன் உறுப்பினர் அவைக்குள் போனால் பெரும்பாலும் தனி ஆளாகவே இருப்பார். 1978-இல் அலாஸ்காவில் வென்ற டிக் ராண்டால்ஃபும் 2020-இல் வயோமிங்கில் வென்ற மார்ஷல் பர்ட்டும் அப்படித்தான் நுழைந்தார்கள். தனி ஆள் சொந்த மசோதாவை நிறைவேற்றுவது அபூர்வம். மற்றவர்களின் மசோதாவுக்கு ஆம், இல்லை சொல்வதுதான் அன்றாட வேலை. கொள்கையிலிருந்து இம்மியும் நகர மாட்டேன் என்பவர் பல நல்ல தளர்த்தல்களுக்கும் எதிராக வாக்களிப்பார். அது உங்களுக்குச் சம்மதமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் மௌனம் என்றால், கட்சியின் பெயர் வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நிறுத்தப்பட்டவராக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் பிரசார நிதிக் கணக்கைப் பாருங்கள். மத்தியத் தேர்தல் ஆணையத்தில் தேடினால் கிடைக்காது, மாநில வேட்பாளர்கள் அங்கே கணக்குக் காட்டுவதில்லை. வரவும் செலவும் பூஜ்யமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

முதற்கட்டத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில், கடிதத்தை ஆகஸ்ட் கடைசியிலேயே அனுப்பிவிடுங்கள். சில மாநிலங்களில் செப்டம்பர் முடிவதற்குள் தபால் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிடும்.