செல்லப்பிராணிக்கு மருத்துவர் தேடும்போதும் செலவு செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டுக்கு வரும்போது சாப்பாடு, படுக்கை, கழுத்துப்பட்டை எல்லாம் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. மருத்துவர் யார் என்ற கேள்வி மட்டும், அது வாந்தி எடுக்கும் நாள்வரை தள்ளிப்போகிறது. அந்த நாளில் தேடினால் எந்தக் கிளினிக் திறந்திருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கட்டணம் கேட்கவும், இந்த மருத்துவர் நமக்குச் சரிப்படுவாரா என்று பார்க்கவும் அப்போது நேரம் இருக்காது. செலவு கைமீறிப் போவதற்குப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் பிராணி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை கூட்டிப்போங்கள். இதற்கு மருத்துவ ரீதியாகவும் காரணம் உண்டு. உதாரணத்துக்குச் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு வழக்கமான வரம்பைத் தாண்டுவதற்குள், சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விட்டிருக்கும். ஆனால் அதே பிராணியின் பழைய அளவு பதிவில் இருந்தால், வரம்புக்குள்ளேயே எண் ஏறிக்கொண்டு வருவதை மருத்துவரால் கவனிக்க முடியும். எடையும் இதயச் சத்தமும் அப்படித்தான். ஆரோக்கியமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இன்று என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

முதல் சந்திப்பில் என்ன பார்ப்பது?

எடை பார்க்கிறார்களா? மருந்தின் அளவே எடையைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் ஊசி போடும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. வாய், காது, கண், வயிறு, தோல் என்று முழுதாகத் தொட்டுப் பார்க்கிறாரா? நாம் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறாரா? பயந்த பிராணியை அமுக்கிப் பிடித்து வேலையை முடிக்கிறார்களா, அல்லது கொஞ்சம் பொறுத்துப் பழக விடுகிறார்களா? போட்ட ஊசி, கொடுத்த மருந்து, அதன் அளவு எல்லாவற்றையும் எழுதித் தருகிறார்களா? அப்புறம், அந்த நாட்டின் கால்நடை மருத்துவக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். குட்டி விற்றவரும் முடி வெட்டிவிடுபவரும் அனுபவசாலிகளாக இருக்கலாம். தடுப்பூசி போடுவது அவர்கள் வேலை இல்லை.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி, ராத்திரி என்ன ஆகும் என்பது. இரவில் அவசரம் என்றால் இவர்களே பார்ப்பார்களா, வேறு எங்கே அனுப்புவார்கள்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு அங்கேயே தங்க வைத்தால் இரவு முழுக்க ஆள் இருப்பார்களா? பகலில் நன்றாக நடக்கும் சில கிளினிக்குகளில் இரவில் ஒருவரும் இருப்பதில்லை. இதை முன்பே தெரிந்துகொண்டால், எந்த நிலையில் எங்கே போவது என்று தீர்மானித்து வைக்கலாம். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடமென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

"இது என் கைக்கு மேலே போகிறது, நிபுணரிடம் காட்டுங்கள்" என்று சொல்லும் மருத்துவரைப் பார்த்துப் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். என்னைக் கேட்டால் அவரை விடவே கூடாது.

நாய், பூனை தவிர வேறு பிராணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். முயலுக்கு அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போகலாம். நாய்களுக்கு வழக்கமாகப் போடும் பூச்சி மருந்தான ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆபத்து. முயல், பறவை, ஆமை பார்த்துப் பழகியவரிடம் போவதுதான் சரி. பூனை வளர்ப்பவர்கள், காத்திருக்கும் இடத்தில் நாய்களிடமிருந்து தள்ளி உட்கார வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்நேஷனல் கேட் கேர் என்ற அமைப்பு, பூனைக்கு ஏற்ற கிளினிக்குகளுக்குத் தகுதிச் சான்று தருகிறது. அது இருந்தால் நல்ல அடையாளம்.

கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது

ஒரே அறுவை சிகிச்சைக்கு இரண்டு இடங்களில் இரண்டு விலை சொன்னால், குறைந்த விலையை லாபம் என்று எடுத்துக்கொள்கிறோம். கருத்தடை ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு இடத்தில் முன்கூட்டிய ரத்தப் பரிசோதனை, நரம்பில் ஏற்றும் டிரிப், வலி மருந்து, மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்தையும் கவனிக்கத் தனி ஆள், தையல் பிரிப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். இன்னொரு இடத்தில் அறுவை மட்டும்தான். விலையில் என்னென்ன அடக்கம் என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் ஒப்பிட முடியும். குறைந்த விலை சொல்பவர் எல்லாமும் செய்பவராகவும் இருக்கலாம், கேட்காமல் தெரியாது. பல நாடுகளில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. அவசரமில்லாத பெரிய சிகிச்சை என்றால் அங்கேயும் விசாரித்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது

இந்த விஷயத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் பிராணிமேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பில்லைப் பார்த்து அதிர்கிறோம். இல்லையென்றால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று கிளம்பி வந்து, திரும்பப் போகாமலே இருந்துவிடுகிறோம். இரண்டாவதுதான் பிராணிக்கு அதிகக் கேடு.

நாம் வாய் திறக்காவிட்டால், மருத்துவர் தன்னால் முடிந்த முழுச் சிகிச்சையைத்தான் முதலில் முன்வைப்பார். ஆனால் ஒரு நோய்க்கு ஒரே வழிதான் என்பது எப்போதும் உண்மை இல்லை. குடலைப் பாதிக்கும் பார்வோ வைரஸ் தாக்கிய நாய்க்குட்டியை மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியே திரவம் ஏற்றிப் பார்ப்பதுதான் சிறந்த சிகிச்சை. அதற்கு வசதி இல்லாதவர்களுக்காக அமெரிக்காவின் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாற்று முறையைச் சோதித்தார்கள். முதலில் உடலைத் தேற்றிவிட்டு, பிறகு தோலுக்கடியில் திரவம், நீடித்து வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் ஊசி, வாந்தி நிறுத்தும் ஊசி என்று வெளிநோயாளியாகவே பார்ப்பது அந்த முறை. 2017-ல் வெளியான முடிவின்படி, சேர்த்துப் பார்த்த குட்டிகளில் 90 சதவீதமும், மாற்று முறையில் பார்த்தவற்றில் 80 சதவீதமும் பிழைத்தன. மொத்தம் 40 நாய்கள்தான், சின்ன ஆய்வு. இரண்டும் சமம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் "சேர்க்க முடியாது, வீட்டுக்குத் தூக்கிப் போகிறோம்" என்று கைவிடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அந்த வழி நமக்குக் கிடைக்க வேண்டுமென்றால், நம் நிலைமை மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், என்னால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் எதை முதலில் செய்யலாம்?" குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். அதைத் தாண்டும் நிலை வந்தால் முதலில் போன் செய்யச் சொல்லுங்கள்.

பரிசோதனைகள் பற்றி நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: "இதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் அந்தப் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாறும் என்றால் அதைத் தவிர்ப்பதுதான் வீண்செலவு. அரிப்போடு வரும் நாயைப் பாருங்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எளிய பரிசோதனை. அதைச் செய்யாமல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டே போனால், அடியில் இருப்பது டெமோடெக்ஸ் சிற்றுண்ணியாக இருக்கும்பட்சத்தில் நோய் இன்னும் பரவும். பிறகு மாதக்கணக்கில் வைத்தியம். இன்னொரு பக்கம், கையில் இருப்பது முழுவதையும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் செலவழித்து நோயின் பெயர் தெரிந்துகொண்டு, சிகிச்சைக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்பவர்களும் உண்டு. குணமாகும் வாய்ப்பு எவ்வளவு, அதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் பரிசோதனைக்கு முன்பே கேட்பதில் தப்பே இல்லை.

தடுப்பூசியில் மிச்சம் பிடிப்பது

குட்டிக்கு ஒரு ஊசி போட்டாயிற்று, அது போதும் என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். கடைசி ஊசிதான் பெரும்பாலும் காப்பாற்றும் ஊசி. நாம் விட்டுவிடுவதும் அதைத்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: வளர்ந்த நாய்க்கு எல்லா ஊசியையும் வருடா வருடம் போடுவது. குட்டிப் பருவத்து ஊசிகளும் அதன் பிறகான பூஸ்டரும் ஒழுங்காக முடிந்திருந்தால், டிஸ்டெம்பர், அடினோவைரஸ், பார்வோ ஆகிய மூன்று வைரஸ் தொற்றுகளுக்கான ஊசியும் 3 வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்கிறது உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் ஊசி, தேவைப்படும் இடங்களில், வருடந்தோறும் வேண்டும். ரேபீஸ் ஊசிக்கு அந்தந்த இடத்துச் சட்டமும் மருந்தின் லேபிளும் சொல்வதே கணக்கு. எந்த ஊசி எதற்கு, அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டால் நியாயமாகவே பணம் மிச்சமாகும்.

கருத்தடையும் இப்படித்தான். செய்யாத பெண் நாய்களில் கர்ப்பப்பை சீழ் வைக்கும் பயோமெட்ரா அரிதான நோய் இல்லை. ஸ்வீடனில் காப்பீட்டுத் தரவுகளைப் பார்த்தபோது, 10 வயதுக்குள் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு வந்திருந்தது. அப்போது வயதான, காய்ச்சலில் துவண்ட நாய்க்கு அவசர ஆபரேஷன். இளவயதில் திட்டமிட்டுச் செய்வதைவிடச் செலவும் ஆபத்தும் பல மடங்கு. பெரிய இன நாய் என்றால் எந்த வயதில் செய்வது என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டி

ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை உடைத்து வெளியேற்றும் வேதிவழி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. இபுப்ரூஃபன் நாய்க்கும் பூனைக்கும் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெர்மெத்ரின் கலந்த, நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வரும். கன்சல்டிங் ஃபீஸை மிச்சப்படுத்தத்தான் இதெல்லாம் நடக்கிறது. முடிவில் ஐசியூவில் நிற்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து கொடுப்பதற்கு முன் ஒரு போன் செய்து கேளுங்கள்.

அதேபோல, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவே கூடாத சில நிலைகள் உண்டு. கடுவன் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும். பெரிய நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இங்கே கணக்கு நாட்களில் இல்லை, மணி நேரங்களில். ஈறு வெளுத்துப்போவது, பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கருத்தடை செய்யாத பெண் நாய் நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடப்பது எல்லாமே உடனே கிளம்ப வேண்டியவை. பூனை ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே, குறிப்பாகக் குண்டான பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கலாம்.

இன்சூரன்ஸ் நாய் பூனைகளுக்கும் பல நாடுகளில் கிடைக்கிறது. நோய் வந்த பிறகு எடுப்பதில் பயனில்லை. ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். ஒரு முழங்கால் தசைநார் அறுந்த பிறகு பாலிசி எடுத்தால், மற்ற முழங்காலையும் பழைய நோய் என்று ஒதுக்கும் நிறுவனங்கள் உண்டு. காத்திருப்புக் காலம், வருட உச்சவரம்பு, வயதானபின் பிரீமியம் எப்படி ஏறும் என்பதையெல்லாம் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் முதலில் நாம் கட்டிவிட்டுத்தான் பிறகு வாங்க வேண்டும், ஆகவே கையிருப்பு எப்படியும் வேண்டும். பாலிசி வேண்டாம் என்பவர்கள் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வரலாம். மூன்றாவது மாதமே பெரிய செலவு வந்தால் அது போதாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பைசா செலவில்லாமல் செலவைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது: சாப்பாட்டை அளந்து போடுவது. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டது. அவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறத்தாழ 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் தள்ளிப்போனது. உணவு விற்கும் நிறுவனமே குறைத்துப் போடச் சொல்லும் முடிவை வெளியிட்டது என்பதால் அதை நான் கூடுதலாகவே மதிக்கிறேன்.

மருத்துவரை மாற்றுவதும், இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதும் துரோகம் இல்லை. சொல்லாமல் ஓடுவதுதான் பிரச்சினை, ஏனென்றால் பதிவுகள் பின்னாலேயே நின்றுவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை, கொடுத்த மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கிப் போனில் படமெடுத்து வையுங்கள். புதிய மருத்துவர் அதே பரிசோதனையை மறுபடி எழுதும்போது, போன வாரத்து முடிவைக் காட்டி "இதுவே போதுமா?" என்று கேட்கலாம்.