சுங்கை சிப்புட்டிலிருந்து ஜி.ஆர்.இ. கணிதப் பாடத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

நம்மூரில் ஈ.டி.எஸ். என்றால் கோலாலம்பூருக்குப் போகும் ரயில்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற விரும்பும் மாணவர்களுக்கோ, அது 1947-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு ஜி.ஆர்.இ. எனும் பட்டமேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வுகளை நடத்திவரும் நிறுவனத்தின் பெயருமாகும். பட்டப்படிப்பு மாணவர் தம் முதன்மைப் பாடத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை எந்த நாட்டவருக்கும் ஒரே அளவுகோலால் அளக்கும் அதன் பாடத் தேர்வுகளில் இன்று கணிதம், இயற்பியல், உளவியல் ஆகிய மூன்றே எஞ்சியுள்ளன.

முதலில், நீங்கள் விண்ணப்பிக்கவிருக்கும் துறை இந்த மதிப்பெண்ணைக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காத துறைக்காகக் கட்டணம் செலுத்துவது வீண். செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் மட்டுமே தேர்வு நடைபெறுவதாலும், அமெரிக்கத் துறைகள் பலவற்றின் விண்ணப்பக் கெடு டிசம்பரில் முடிந்துவிடுவதாலும், ஏப்ரலில் ஒருமுறை எழுதிப் பார்ப்பவருக்கு ஆண்டிறுதியில் மறுவாய்ப்பும் இருக்கும்.

தேர்வில் ஏறத்தாழ 66 வினாக்கள். நேரம் 2 மணி 50 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். பாதி வினாக்கள் நுண்கணிதத்திலிருந்தும், கால்பங்கு இயற்கணிதத்திலிருந்தும், மீதி பிற கிளைகளிலிருந்தும் வரும். இந்தப் பங்கீட்டைப் பொருட்படுத்தாமல், இறுதியாண்டில் படித்த கடினமான பாடங்களையே நான் மாதக்கணக்கில் புரட்டினேன்; மாதிரித் தேர்வில் தடுமாறியதோ முதலாண்டுத் தொகையிடலில். எனவே, வீட்டுப் பரணில் கட்டிப் போட்ட முதலிரண்டு ஆண்டுக் குறிப்பேடுகளை இறக்குங்கள். தயாரிப்பு நேரத்தில் பாதிக்கு மேல் அவற்றுக்கே தகும்.

ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமே கிடைப்பதால், கணக்கைப் போடுவதைவிட அதன் அமைப்பைக் கண்டுகொள்வதே முக்கியம். எக்ஸின் கனத்தைக் கொசைன் எக்ஸால் பெருக்கி, அதனுடன் எக்ஸின் வர்க்கத்தைக் கூட்டி, −1 முதல் 1 வரை தொகையிடச் சொல்லும் ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். பகுதிகளாகத் தொகையிடத் தொடங்குபவர் அதே வேலையை மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். முதல் உறுப்பு ஒற்றைப்படைச் சார்பு, எல்லைகளோ சமச்சீரானவை என்று பார்த்துவிட்டால், அது பூச்சியமாகிவிடும். மிஞ்சும் வர்க்கத்தின் தொகை 2/3. பத்து நொடியில் முடியும் வேலை. கணிப்பானுக்கு அனுமதி இல்லாததால், இத்தகைய குறுக்குவழிகளை ஓர் ஏட்டில் சேர்த்து வையுங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால் எந்த வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகத் தரும் பயிற்சி நூலிலுள்ள முழுத் தேர்வை, இடையில் எழாமல், கடிகாரத்தை வைத்து எழுதுங்கள். அதை முதல் வாரத்திலேயே பார்த்துத் தீர்த்துவிடுவது பலரும் செய்யும் பிழை.

மொழியையும் கவனிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்களின் மனத்தில் ‘கமிரான்’ (தொகையிடல்), ‘ஜுஜுக்கான்’ என்ற மலாய்ச் சொற்களே முந்திக்கொண்டு வரும். ‘மெடான்’ என்பதை ஃபீல்டு என்றும், ‘ஜுஜுக்கான்’ என்பதை சீக்குவன்ஸ் என்றும் உடனே அடையாளம் காணும்வரை, இரு பத்திகளாக எழுதிப் பழகுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பதிவு செய்யும் பெயர் அடையாள ஆவணத்திலுள்ள பெயரோடு பொருந்த வேண்டும். நம் பெயர்களுக்கு நடுவே நிற்கும் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) குறித்து ஐயம் இருந்தால், பணம் கட்டும் முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே எழுதவும் வழியுண்டு. ஆனால் கதவை மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது. பலகைச் சுவரும், மழை வந்தால் அறுந்துபோகும் இணையமும் உள்ள தோட்ட வீட்டில் அதற்கு உத்தரவாதம் தர முடியுமா? தேர்வு மையமே மேல். முதல் நாளே ரயிலேறி, மையத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் அங்கே தங்கிக்கொள்ளுங்கள். பயணத்தில் புரட்ட அந்தக் குறுக்குவழி ஏடு மட்டும் போதும்.