7 புலுனி 21 ஆனது எப்படி?

ஒழுங்கைக்காரர் சேர்ந்து வளவுக் குருவிகளை எண்ணத் தொடங்கினால் முதலில் சறுக்குவது புலுனியில்தான். ஏழெட்டாகச் சேர்ந்து கீச்சிட்டுக்கொண்டு திரிகிற கூட்டம் அது. காலையில் உங்கள் முருங்கையடியில் சருகு கிளறும். கொஞ்சத்தால் பக்கத்து வளவு, பிறகு மூன்றாம் வீட்டுக் கிணற்றடி. மூன்று வீட்டாரும் 7 என்று எழுத, கொப்பியில் 21 ஏறிவிடும். எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் ஏறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி, 15 நிமிடம் பார்த்து, ஒரே தடவையில் கண்ட ஆகக்கூடிய எண்ணிக்கையை மட்டும் எழுதினால் இந்தக் குழப்பம் குறையும்.

எப்போதாவது வலசை வருகிற ஆறுமணிக்குருவியைக் கண்டால் எழுதுவார்கள், காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுவார்கள். அவைதானே நாளாந்தம் வருகின்றன என்று ஒரு நினைப்பு. நாளாந்தம் வருவது குறைகிறதா என்று அறியத்தானே எண்ணுகிறோம்! கறுப்புக் குயிலையும் புள்ளிக் குயிலையும் இரண்டு இனமாகப் போடுவதும் உண்டு. கறுப்பு ஆண், புள்ளி பெண்.

எண்ணிக்கை பிழைத்தால் திருத்தலாம். கூட்டில் பிழை விட்டால் திருத்த வழியில்லை. தேன்சிட்டின் கூட்டைப் பார்த்திருப்பீர்கள்: உடுப்புக் காயப்போடும் கொடியில், சிலந்தி வலையும் மரப்பட்டைத் துணுக்குகளும் சேர்ந்து தொங்கும் ஒரு குப்பைப் பை மாதிரி. பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல். ஒட்டறை என்று நினைத்துத் தடியால் இழுத்துவிடுகிறோம். கூடு என்று தெரிந்தவர்களோ போனைக் கொண்டுபோய் வாசலுக்குள் பிடிக்கிறார்கள், படத்தை இடத்தோடு வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தால் தாய் விலகி நிற்கும். காகமும் செண்பகமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

நிலத்தில் குஞ்சைக் கண்டதும் வீட்டுக்குள் தூக்கிப்போய்ச் சோறும் பாலும் கொடுப்பது இன்னொரு பிழை. இறகு முளைத்து, வால் மட்டும் கட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய் பக்கத்தில்தான் இருக்கும். கிட்ட உள்ள கொப்பில் வைத்துவிட்டுப் பூனையை அறைக்குள் அடையுங்கள். இறகே முளைக்காததைக் கூட்டுக்குள் திருப்பி வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை.

சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் தண்ணீர் வைப்பது நல்லதுதான். ஆனால் ஆழமான வாளி வேண்டாம், சின்னக் குருவி விழுந்தால் ஏற முடியாது. தட்டையான மண்சட்டி, நடுவில் ஒரு கல், அது போதும். தண்ணீரை நாள்தோறும் ஊற்றி மாற்றுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும்.

வேலி வெட்டும்போது நடக்கிற அழிவைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலிக்கு நட்டுத் தளிர்த்த கிளுவைத் தடியை, அதாவது கதியாலை, ஒரே நாளில் மொட்டையடிக்கிறோம், கூடும் சேர்ந்து போகிறது. கத்தி எடுக்க முதல் வேலியோரம் ஒருக்கால் மெல்ல நடந்து பாருங்கள். கூடு கண்டால் அந்தக் கதியாலையும் இரு பக்கத்துக் கொப்புகளையும் விட்டு மிச்சத்தை வெட்டலாம். கொப்பு இல்லாவிட்டால் வெயில் நேரே குஞ்சின்மேல் விழும். குஞ்சு பறந்த பிறகு அதையும் வெட்டிக்கொள்ளலாம், கிளுவை எங்கேயும் ஓடிவிடாது.