கட்டுப்பல்லை உமிக்கரியால் தேய்க்காதீர்கள்

எங்கள் அம்மம்மா கிணற்றடியில் இருந்து, கழற்றிய கட்டுப்பல்லை உமிக்கரியால் தேய்ப்பார். கர கர என்று கேட்கும். அழுக்குப் போகிறது என்று அவர் நம்பினார், ஆனால் கம்பியிலும், அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் பகுதியிலும் கீறல் விழுகிற சத்தம்தான் அது.

வாய்க்குள் இருக்கிற உலோகத்தின் கரடு 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் கிருமி ஒட்டுவது கூடும். கீறலுக்குள் ஒதுங்கிவிட்டால் எச்சிலும் நாக்கும் பிரஷ்ஷும் அதை எட்டாது. இதைக் குறைக்கத்தான் உலோகத்தின் மேல் பூச்சுப் போடுகிறார்கள். பொன் நிறத்தில் மினுங்கும் டைட்டேனியம் நைட்ரைட் அதில் ஒன்று, பலர் அதைத் தங்கமுலாம் என்றே நினைக்கிறார்கள். அது நல்ல கடினம். வெள்ளித் துகள் கலந்த பூச்சும் பொலிமர் பூச்சும் அவ்வளவு உரசலைத் தாங்காது.

அடுத்த தவறு, பூச்சு இருக்கிறதுதானே என்று பல் தீட்டுவதில் அசட்டையாக இருப்பது. எந்தப் பூச்சாக இருந்தாலும் சில நிமிடத்தில் எச்சில் புரதம் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும், கிருமி பிடிப்பது அந்தப் படலத்தைத்தான், முதலில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்கிற கிருமி வரும், பிறகு மற்றவை அதன்மேல் ஏறும். வெள்ளி தன் அயனிகளை வெளியே விட்டுத்தான் கிருமியைக் கொல்கிறது, ஆகவே நாளடைவில் தீர்ந்துபோகும். பூச்சு நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

சிலர் வெள்ளையாக வரட்டும் என்று உடுப்பு வெளுக்கிற குளோரினில் கட்டுப்பல்லை ஊறப் போடுகிறார்கள். கோபால்ட் குரோமியம் கம்பியை அது அரித்துவிடும், தயவுசெய்து வேண்டாம். இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கிற டைட்டேனியப் பல்வேர், வைத்தவர்கள் புளிப்புத்தன்மை கூடிய ஃபுளோரைட் ஜெல்லில் கவனமாக இருங்கள், டைட்டேனியத்தைக் காக்கிற ஒக்சைட் படலத்தை அது கரைக்கும். சாதாரண பற்பசை பரவாயில்லை. சுத்தம் செய்யப் போகிற இடத்தில் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று முதலே சொல்லுங்கள், சாதாரண இரும்புக் கருவி டைட்டேனியத்தைக் கீறும், அதற்கென்று பிளாஸ்டிக் கருவி உண்டு.

அப்புறம், இம்ப்ளான்ட் முழுவதும் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் பிழை. எலும்புக்குள் போகிற பகுதி கரடாக இருந்தால்தான் எலும்பு பிடிக்கும், முரசுக்கு மேலே வருகிற பகுதிதான் வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

பிறகு அம்மம்மாவுக்கு மென்மையான பிரஷ்ஷும் சவர்க்காரமும் வாங்கிக் கொடுத்தோம், இரவில் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டுவிடுவார். கர கர சத்தம் இல்லாமல் சுத்தமாகுமா என்று ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.