மழலையர் வகுப்பின் அன்றாட ஒழுங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மணி பார்க்கத் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்பது மட்டும் மிக நன்றாகத் தெரியும். ‘பன்னிரண்டு மணிக்கு அப்பா வருவார்’ என்று சொன்னால் குழந்தைக்கு எதுவும் பிடிபடுவதில்லை. ‘கதை கேட்போம், வெளியே விளையாடுவோம், சாப்பிடுவோம், அதன் பிறகு அப்பா வருவார்’ என்று சொன்னால் அது தன் நாளை விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறது. அன்றாட ஒழுங்கு குழந்தைக்குத் துணைநிற்பது இந்த வரிசையால்தான். மழலையர் வகுப்புகளில் நிகழும் தவறுகளுள் பல, இதை மறந்துவிட்டுப் பெரியவர்களின் வசதிக்கேற்ப நாளைத் துண்டுபோடுவதிலிருந்தே பிறக்கின்றன.

அவற்றுள் முதலாவது, பெரிய வகுப்புகளின் கால அட்டவணையை அப்படியே இறக்கிவைப்பது. அரை மணிக்கு ஒரு பாடவேளை என்று பிரித்துவிட்டால் தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சிறு குழந்தை ஒரு விளையாட்டில் இறங்குவதற்கே நேரம் பிடிக்கிறது. எதை எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும், யார் அம்மா, யார் கடைக்காரர் என்று மற்றவர்களோடு பேசித் தீர்க்க வேண்டும், கட்டைகளை அடுக்கி ஒரு வீட்டின் அடித்தளத்தைப் போட வேண்டும். இவை முடிந்து விளையாட்டு சூடுபிடிக்கும் வேளையில் மணி அடித்துவிட்டால், தொடங்குவதை மட்டுமே பழகிய குழந்தைகளை நாம் உருவாக்குகிறோம். 1907-இல் ரோம் நகரில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரில் தம் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வழியைப் பின்பற்றும் வகுப்புகளில், காலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையூறின்றிக் குழந்தைகளின் சொந்த வேலைக்கென விடப்படுகிறது. எல்லா வகுப்பிலும் அவ்வளவு நேரம் கிடைக்காது என்பது உண்மையே. எனினும், குழந்தையே தேர்ந்தெடுத்து விளையாடும் வேளை ஒன்றாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து நீடிக்க வேண்டும் என்பது என் கருத்து. குழந்தைகள் ஆழ்ந்திருக்கும் நாளில் அதைப் பத்து நிமிடம் நீட்டுவதால் ஒழுங்கு குலைவதில்லை. வரிசையை முன்பின்னாக மாற்றினால்தான் குலைகிறது.

காலையில் குழந்தை வந்துசேரும் பொழுதிலும் கவனம் வேண்டும். அழும் என்று அஞ்சி, குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெற்றோரைச் சொல்லாமல் நழுவிப்போகச் சொல்வது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அந்த நிமிடத்து அழுகை தவிர்க்கப்படுவது போலத் தோன்றினாலும், திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்று கண்டுகொண்ட குழந்தை மறுநாள் கையை விடவே மறுக்கும்; கண்பார்வையிலிருந்து விலகினால் மறைந்துவிடுவார் என்பதுதான் அது கற்ற பாடம். விடைபெறுதல் சுருக்கமாகவும், நாள்தோறும் ஒரே மாதிரியாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். ‘அம்மா இதோ வந்துவிடுவார்’ என்ற பொய்யையும் ஆசிரியர் சொல்லக் கூடாது. எதற்குப் பிறகு வருவார் என்ற உண்மையைச் சொன்னாலே போதும். குழந்தைகள் வெவ்வேறு நேரத்தில் வருவதால், வந்தவுடன் அனைவரையும் உட்காரவைத்துப் பாடம் தொடங்குவதும் சரியன்று. களிமண், படப்புத்தகம், கட்டைகள் என்று தானாகவே போய் அமரக்கூடிய அமைதியான வேலைகள் முன்கூட்டியே விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வட்டமாக அமர்ந்து பேசும் நேரம் நல்லதுதான். அது நீளும்போது நலன் போய்விடுகிறது. மூன்று வயதினருக்குப் பத்து நிமிடமும், ஐந்து வயதை நெருங்குவோருக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடமும் போதும். வருகைப் பதிவு, கிழமை, தேதி, வானிலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இருபது குழந்தைகளும் வரிசையாகப் பதில் சொல்லும்வரை மற்ற பத்தொன்பது பேரைக் கைகட்டி இருக்கச் செய்வது அவர்களின் உடலுக்கு எதிரான செயல். உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும்; அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடி ஆட வேண்டும். இந்த நிலையில், எழுத்துப் பயிற்சி முடியவில்லை என்பதற்காகவோ, தண்டனையாகவோ ஒரு குழந்தையின் வெளி விளையாட்டைப் பறிப்பது பெரும் பிழை. அமைதியாக இருக்க இயலாத குழந்தைக்குத்தான் அந்த ஓட்டம் மிகவும் தேவைப்படுகிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமான துன்பத்தைத் தருவது, எந்த அட்டவணையிலும் எழுதப்படாத ஒன்று: காத்திருப்பு. ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடைவேளைகளில்தான் தள்ளுதல், கடித்தல், அழுதல் முதலியன பெரிதும் நிகழ்கின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள். கையில் சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்து, அலசி, துடைக்க ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். இருபது குழந்தைகள், மூன்று குழாய்கள் என்றால், கடைசியில் நிற்கும் குழந்தை ஆறு நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மூன்று வயதில் ஆறு நிமிடம் வெறுமனே நிற்பது இயலாத காரியம். அது முன்னால் நிற்பவரின் சட்டையை இழுக்கிறது, ஆசிரியர் அதட்டுகிறார், ‘குறும்புக்காரக் குழந்தை’ என்ற பெயர் விழுகிறது. குறை வரிசையை அமைத்த விதத்தில் இருந்ததை யாரும் கவனிப்பதில்லை. மற்றவர்கள் பாடிக்கொண்டோ கதை கேட்டுக்கொண்டோ இருக்கும்போது மூவர் மூவராக அனுப்பினால் வரிசையே தேவைப்படாது. கைகழுவி வந்தவர் உட்காரும்போது அடுத்த வேலை மேசைமேல் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகள் வந்து அமர்ந்த பிறகு ஆசிரியர் அலமாரியைத் திறந்து தாளும் வண்ணமும் தேடத் தொடங்கினால் அதுவும் காத்திருப்பே. தம் வகுப்பில் ஒரு நாளில் குழந்தைகள் மொத்தம் எத்தனை நிமிடம் வெறுமனே காத்திருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் ஒருமுறை குறித்துப் பார்த்தால், நேரம் போதவில்லை என்ற முறையீட்டுக்கு விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

மாற்றத்தை அறிவிக்கும் முறையிலும் தவறு நேர்கிறது. ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்பது மணி அறியாத குழந்தைக்கு வெறும் ஓசை. ‘இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டு வா’, ‘இந்தக் கூரையை வைத்து முடித்துவிட்டு வா’ என்பவை அதற்குப் புரியும். பொருள்களை எடுத்துவைக்க நாள்தோறும் ஒரே பாட்டைப் பாடினால் கத்தி அழைக்க வேண்டியதில்லை. பாதி கட்டிய கோபுரத்தை ஒவ்வொரு முறையும் கலைத்துப் பெட்டியில் போடச் செய்யாமல், மாலைவரை காத்துவைக்க ஓர் ஓரத்தை ஒதுக்குவதும் நல்லது. நாளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் மாட்டும் வகுப்புகள் பல உண்டு. ஆனால் பெரியவர்களின் கண்ணுயரத்தில் மாட்டி, ஆண்டு முழுவதும் தொடாமல் விட்டால் அது வெறும் அலங்காரமாகிவிடும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்து, முடிந்த செயலின் படத்தை ஒரு குழந்தையே திருப்பிவைக்கும்போதுதான் அது பயன்படுகிறது.

கழிப்பறைக்கு இன்ன நேரத்தில் மட்டும் போகலாம் என்ற விதி எந்த மழலையர் வகுப்பிலும் இருக்கக் கூடாது. அடக்கிப் பழகும் குழந்தைக்கு மலச்சிக்கல் வரும், துணி நனையும், பிறகு வெட்கமும் சேரும். குறித்த நேரங்களில் நினைவூட்டலாம். கேட்கும்போதெல்லாம் அனுப்பவும் வேண்டும். துணி நனைந்துவிட்டால் மற்றவர் காணாதபடி, கடிந்துகொள்ளாமல் மாற்றிவிட வேண்டும்.

உணவு வேளையில், தட்டைக் காலியாக்கும்படி வற்புறுத்துவதும், முதலில் முடித்தவரைப் பாராட்டுவதும் வேண்டாம். எதை, எப்போது தருவது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையின் வயிறு முடிவுசெய்யட்டும். அவசரப்படுத்துவது தொண்டையில் அடைக்கும் ஆபத்தையும் கூட்டுகிறது. உருண்டையான, கடினமான உணவுகளைச் சிறிதாக நறுக்கித் தந்து, ஓடாமல் உட்கார்ந்து உண்ணவைக்க வேண்டும்.

ஓய்வு நேரம் சற்று விரிவாகப் பேச வேண்டியது. மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் தேவை. ஆயினும் இந்த வயதில்தான் பல குழந்தைகள் பகல் தூக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரே வகுப்பில் படுத்ததும் உறங்குவோரும், உறக்கமே வராதோரும் இருப்பார்கள். உறங்காதவரை ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடி அசையாமல் கிடக்கச் சொல்வது ஓய்வாகாது. அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருந்த பிறகு, பாயிலிருந்தபடியே படப்புத்தகம் பார்க்கவோ, ஓசையெழாத விளையாட்டில் ஈடுபடவோ அவர்களை அனுமதிக்கலாம். அவர்களை அடக்குவதற்காகத் திரையை இயக்குவது எளிது. ஆனால் இந்த வயதுக்கு முழு நாளுக்கும் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்பது முன்பு சொன்ன அதே வழிகாட்டுதலின் பரிந்துரை, அந்த நேரமும் பெரும்பாலும் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.

வழக்கம் மாறும் நாள்களை மறைப்பதும் தவறே. ஆசிரியர் விடுப்பில் இருந்தாலோ, மழையால் வெளியே போக முடியாவிட்டாலோ, காலையிலேயே வரிசைப் படத்தைக் காட்டி எது இன்று வேறு, எது அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட வேண்டும்.

நாளின் இறுதியில், சீக்கிரமே பையை மாட்டி அரை மணி நேரம் வாசலைப் பார்த்தபடி உட்காரவைப்பது களைத்த குழந்தைகளை மேலும் வாட்டும். புத்தகமோ கட்டைகளோ கடைசிவரை அவர்கள் கையில் இருக்கட்டும். அழைத்துப்போக வருபவர் பெற்றோர் எழுதிக்கொடுத்த பெயர்ப்பட்டியலில் இருக்கிறாரா என்பதை, எவ்வளவு நெரிசலிலும், சரிபார்த்த பிறகே குழந்தையை ஒப்படைக்க வேண்டும். வாசலில் நின்று அன்றைய குறைகளைக் குழந்தையின் காதுபடவே அடுக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். கடித்தது, அடித்தது போன்றவற்றைத் தனியே பேசிக்கொள்ளலாம். வாசலில் சொல்ல, அன்று அந்தக் குழந்தை செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொன்னால் போதும். எதைக் கட்டியது, யாரோடு சேர்ந்து விளையாடியது என்று தெரிந்தால் வீட்டுக்குப் போகும் வழியில் பெற்றோருக்கு அதைப் பற்றிக் கேட்க ஏதேனும் இருக்கும்.