மின் தேவை மேலாண்மை சிஸ்டங்கள் கிளவுடில் பேசிக்கொள்ளும்போது எதை அனுப்புவது, எதை மறுப்பது

மின் தேவை ஏறும் நேரத்தில் வீடுகளின் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லும் சிஸ்டங்கள்தான் இங்கே பேச்சு. குறியாக்கத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் எந்தத் தரவு வெளியே போகிறது என்று எழுதி வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு மீட்டர் ரீடிங் என்றால் நாளுக்கு 96 எண்கள், அதை வைத்தே வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார், எப்போது இல்லை என்று ஓரளவு சொல்லிவிடலாம். நொடிக்கு ஒன்று என அளந்தால் எந்தச் சாதனம் ஓடுகிறது என்பதுவரை பிரித்துவிடுவார்கள். எதிர்ப்பக்க சிஸ்டத்துக்கோ பெரும்பாலும் வேண்டியது ஒன்றே ஒன்று: மாலை 6 முதல் 8 வரை எத்தனை கிலோவாட் குறைக்க முடியும்? அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். குறைத்ததற்குப் பணம் கணக்கிடும்போது ரீடிங் கேட்பார்கள், நியாயம்தான், ஆனால் அந்த நேரத்துக்கும் ஒப்பிட எடுக்கும் நாட்களுக்கும் மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

'மொத்தமாகக் கூட்டித்தானே தருகிறோம்' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரே மணி நேரத்துக்கு 20 வீடுகளின் மொத்தத்தை ஒருவருக்கும் அதில் 19 வீடுகளின் மொத்தத்தை இன்னொருவருக்கும் கொடுத்து, இருவரும் சேர்ந்து கழித்துப் பார்த்தால் அந்த ஒரு வீடு அப்படியே வெளியே வந்துவிடும்.

சரி, இணைப்பு. டிஎல்எஸ் 1.3 (இணைப்பைக் குறியாக்கும் நெறிமுறை), அதிலும் இரண்டு பக்கமும் சான்றிதழ் காட்ட வேண்டும். மின் தேவைக் குறைப்புச் செய்திகளுக்கான பொதுத் தரநிலையான ஓப்பன் ஏடிஆரின் 2.0 பதிப்பும் இருபக்கச் சான்றிதழைக் கேட்கிறது, 3.0 பதிப்பு ஓஆத் 2.0 டோக்கனுக்கு (தற்காலிக அனுமதிச் சீட்டு போன்றது) மாறிவிட்டது. டோக்கன் என்றால் ஆயுள் குறைவாக, உரிமை குறுகலாக இருக்கட்டும். சான்றிதழ் புதுப்பிப்பதை ஆள் நினைவில் விடாமல் தானாக நடக்கும்படி செய்யுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. டிஎல்எஸ் பெரும்பாலும் வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சரிலேயே முடிந்துவிடும், அதற்கு உள்ளே செய்தியை யார் மாற்றினாலும் தெரியாது. எனவே ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம், நேரம், திரும்ப வராத ஓர் அடையாள எண் மூன்றும் வேண்டும். ரீடிங் கசிவதைவிட 'உடனே அணை' என்ற பொய்க் கட்டளை எனக்கு அதிக பயம்: ஆயிரக்கணக்கான ஏசிகள் ஒன்றாக அணைந்து ஒன்றாகத் திரும்ப ஓடினால் மின் கட்டமைப்பில் சுமை ஒரேயடியாக ஏறும். கையொப்பம் சரியாக இருந்தாலும், சாதனம் தன் எல்லையைத் தாண்டிய கட்டளையை ஏற்கக் கூடாது, தொடங்கும் நேரத்தையும் ஒவ்வொன்றும் சற்று முன்பின்னாக வைத்துக்கொள்ளட்டும். கிளவுட் துண்டித்தால் என்ன செய்வது என்பதும் சாதனத்திலேயே இருக்க வேண்டும்.

சேமிக்கும் தரவுக்கு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு குறியாக்கச் சாவி வையுங்கள். அவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் சாவியை அழித்தால் போதும், பேக்கப்பில் கிடப்பதும் படிக்க முடியாததாகிவிடும். பிழை தேட எழுதிவைக்கும் டீபக் லாக்கில் ரீடிங் போய் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் வீண், அதையும் தேடுங்கள்.

நேரலைக்கு விடும்முன் காலாவதியான சான்றிதழ், நேற்றைய கட்டளையின் நகல், வேறொரு வாடிக்கையாளரின் எண் ஆகிய மூன்றையும் நீங்களே அனுப்பிப் பாருங்கள், ஒன்று உள்ளே போனாலும் வெளியீட்டைத் தள்ளிவையுங்கள்.