பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி வட்டாரத்துக் காயலான்கடைகளில், மூடப்பட்ட பிரவுசிங் சென்டர்களின் கணினிகளிலிருந்து கழற்றிய ஏஜிபி கார்டுகள் (அக்காலத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கென்றே மதர்போர்டில் இருந்த ஏஜிபி ஸ்லாட்டில் செருகுபவை) இன்றும் எப்போதாவது கிடைக்கின்றன. விலை குறைவாக இருக்கிறதே என்று கார்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற மதர்போர்டைப் பிறகு தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அக்காலத்தில் பரவலாக விற்ற இன்டெல் 810 சிப்செட் போர்டுகளில் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. அவற்றுக்கு, பல வகைக் கார்டுகளுக்கும் பொதுவான பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டுதான் வழி.

ஸ்லாட் இருந்தாலும் மின்னழுத்தத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது. 1990களின் இறுதியில் வந்த கார்டுகள் பலவும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 2001இல் வந்த இன்டெல் 845 போர்டுகளோ 1.5 வோல்ட் கார்டுகளை மட்டுமே ஏற்கும். கார்டின் தொடுமுனை வரிசையில், மானிட்டர் கேபிள் செருகும் தகட்டுக்கு அருகிலுள்ள வெட்டு 3.3 வோல்ட்டையும், தள்ளியிருக்கும் வெட்டு 1.5 வோல்ட்டையும் குறிக்கும். ஆனால் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் மலிவான கார்டுகள் சிலவற்றிலும் இரண்டு வெட்டுகளையும் போட்டுவிட்டார்கள் என்பதால், வெட்டை மட்டும் நம்பாமல் சிப்பின் பெயரைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். இதில் பிசகினால் கார்டோடு போர்டும் போய்விடும்.

பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து ஏமாறுவது அடுத்தது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440, பெயரில் நான்கைச் சுமந்தாலும், ஜீஃபோர்ஸ்4 டிஐ 4200இல் உள்ள பிக்சல் ஷேடர் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சிறு நிரலால் கணக்கிடும்) வசதி இல்லாதது. புதியது எல்லாவற்றுக்கும் உகந்தது என்றும் சொல்ல முடியாது. 1990களின் சில விளையாட்டுகள் எதிர்பார்க்கும் எட்டு பிட் பாலெட் டெக்ஸ்ச்சர் (256 நிறங்களின் பட்டியலிலிருந்து பரப்புகளுக்கு நிறமெடுக்கும்) வசதியை என்விடியா ஜீஃபோர்ஸ் 6 வரிசையோடு கைவிட்டுவிட்டது. த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் கார்டுகளுக்கென உருவாக்கிய கிளைடு என்ற மென்பொருள் இடைமுகத்தை நம்பிய விளையாட்டுகளை நேரடியாக ஓட்ட, அதன் ஊடூ கார்டுதான் வேண்டும். 1996இல் வந்த முதல் ஊடூ முப்பரிமாணத்தை மட்டுமே வரையும். தனியே ஒரு 2டி கார்டும் இரண்டையும் இணைக்கும் கேபிளும் இல்லாமல் சோதித்து, திரை இருண்டிருப்பதைக் கண்டு நல்ல கார்டைச் செத்ததாக எண்ணுவோர் உண்டு.

வாங்கிய கையோடு மின்சாரம் கொடுக்காதீர்கள். தூத்துக்குடிப் பக்கத்து உப்புக்காற்றில் கிடந்த கார்டின் தொடுமுனைகளில் களிம்பு ஏறியிருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பதே பாதுகாப்பு, உப்புத்தாள் தங்க முலாமை உரித்துவிடும். தண்ணீரில் கழுவினால் முழுதும் காய வேண்டும். ஆடிச் சாரல் காலத்துத் தென்காசியில் அது எளிதல்ல. சுற்றாத ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நாளடைவில் பிசுபிசுத்து ஃபேனை இறுக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

தலை உப்பிய கெப்பாசிட்டரை மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் அளவும், அதே அல்லது கூடுதலான வோல்ட் அளவும் தேவை. எந்தக் கால் எதிர்முனை என்பதைக் கழற்றுமுன் படமெடுத்துக்கொள்ளுங்கள். செத்த கார்டை உயிர்ப்பிக்க ஓவனில் சுடும் வைத்தியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்: 105 டிகிரி வரை தாங்கவே செய்யப்பட்ட கெப்பாசிட்டர்கள் அதில் வெந்துபோகும், கிடைக்கும் பலனும் பெரும்பாலும் சில வாரங்களுக்கே.

டிரைவரிலும் அவசரம் வேண்டாம். விண்டோஸ் 98க்கு என்விடியா கடைசியாக வெளியிட்டது 81.98 பதிப்பு என்றாலும், ஜீஃபோர்ஸ்2 போன்ற கார்டுகளுக்கு அவற்றின் காலத்து டிரைவரையே முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.